ஆம்பளைக் கால்

செத்துத் தொலைந்திருப்பாள் என்றுதான் நினைத்திருந்தேன், இல்லை, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பெப்பர்மின்ட் சப்பிக்கொண்டிருக்கிறாள் டோரீன். ஏசி காற்று நேராக என் கழுத்தில் இறங்குகிறது, அவள் பக்கம் போகவே இல்லை, எப்போதும் அப்படித்தான், வெளிச்சம் அவளுக்கு, குளிர் எனக்கு. இரண்டு நாற்காலிக்கும் நடுவில் இருக்கிற கட்டையில் வந்ததும் வராததுமாக முழங்கையை ஊன்றிவிட்டாள், ஊன்றட்டும், எனக்கு ஊன்ற ஒன்றும் இல்லை, என் கை என் மடியில் கிடக்கட்டும். ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை. நானும் திரும்பவில்லை, திரும்பாமலே எல்லாம் தெரிகிறது, கவுன் போட்டிருக்கிறாள் இந்த வயசில், நீலத்தில் வெள்ளைப்புள்ளி, கைத்தடியின் பிடியில் நகச்சாயம் பூசிய விரல். மேடையில் மிருதுளா பேசிக்கொண்டிருக்கிறாள், பழைய சினிமா ஆட்டங்களை ஆராய்ச்சி பண்ணுகிறவள். நல்ல பெண், குறை சொல்ல மாட்டேன், வடபழனியில் என் வீட்டு மாடிப்படியை எத்தனை தடவை ஏறி வந்திருப்பாள், "கோடம்பாக்கத்துல கிளப் டான்ஸ் ஆடினவங்கள்ல உயிரோட இருக்கிறவங்களே கொஞ்சம்மா, நீங்க வந்தே ஆகணும்" என்று காபியை ஆறவிட்டுவிட்டுக் கெஞ்சினாள். டோரீனும் வருவாள் என்று மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வந்திருப்பேனா? வந்துதான் இருப்பேன். நான் வராவிட்டால் இவள் வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டுப் போவாள், வந்தாலும் பேசத்தான் போகிறாள், என் முகத்துக்கு நேரே பேசட்டுமே. கடைசியில் எங்கள் இரண்டு பேரிடமும் மைக் கொடுப்பார்களாம், ரெண்டு வார்த்தை பேசினால் போதுமாம், முதலில் டோரீன் மேடம். அவளுடைய ரெண்டு வார்த்தை என்னவென்று எனக்குத் தெரியும். 'நாகு விட்டுட்டா.' நாகு நான்தான். ஐம்பது வருஷமாகக் கோடம்பாக்கம் முழுக்க அவள் சொல்லிக்கொண்டு திரிந்தது அதைத்தான். மூன்று வரிசை பின்னால் என் மகன் பாஸ்கர் உட்கார்ந்திருக்கிறான், அம்மாவுக்குப் பொன்னாடை போடுகிறார்கள் என்று மாமனார் மாமியாரை வேறு அழைத்துக்கொண்டு வந்திருக்கிறான். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒருநாள் அழுதுகொண்டே வந்தான், "எங்க கிளாஸ்ல ஒருத்தன் சொல்றான், நீ ஒரு பொம்பளை காலை உடைச்சியாமே" என்று. இல்லைடா கண்ணு, அது யாரோ வேற அம்மா என்றேன். நம்பினான். இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறான்.

திரையில் படம் மாறுகிறது. ஒரு பெரிய கூடம், ஒரு ஆண் ஒரு பெண்ணைத் தோளுக்கு மேல் சுழற்றி எறிகிறான், அவள் பாவாடை குடையாக விரிந்து நிற்கிறது, இரண்டு பேரும் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார்கள். ஸ்விங் டான்ஸ் இதுதான் என்கிறாள் மிருதுளா. அமெரிக்காவில் பருத்திக் காட்டில் அடிமையாகக் கிடந்தவர்களின் பேரன் பேத்திகள், வாரம் முழுக்க அடுத்த வீட்டுத் துணி துவைத்து, அடுத்தவன் மூட்டை சுமந்து, சனிக்கிழமை ஆனால் இப்படி ஆடினார்களாம், அதற்கு அடித்த மேளதாளந்தான் ஜாஸாம். எங்களுக்கு ஜாஸ் என்றால் டிரம் செட்டுதான், "ஜாஸ்காரர் வந்தாச்சா, டீ குடுத்தாச்சா" என்று கேட்போம், ஒரு ஜாதி ஜனத்தின் மொத்த வயிற்றெரிச்சலும் அந்தச் சொல்லுக்குள் இருந்தது யாருக்குத் தெரியும். அந்தப் படத்துப் பெண்ணையே பார்க்கிறேன். என் நிறம். தேய்த்து வைத்த இரும்புச்சட்டி மாதிரி மின்னுகிற என் நிறமேதான். வயிறு எரிகிறது எனக்கு. வெள்ளைக்காரி ஆட்டம் என்று சொல்லி அல்லவா எனக்கு மாவு பூசினீர்கள், கழுத்து, காது மடல், விரல் இடுக்கு விடாமல் பேன்கேக் மேக்கப்பை ஸ்பாஞ்சில் தொட்டுத் தொட்டு அப்பினீர்கள், "இவ கறுப்பு கேமராவுல அடிக்குது, இன்னொரு கோட்டு போடு" என்று பத்துப் பேர் நடுவில் கத்தினீர்கள், இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தவளே என்னைப்போலக் கறுப்பாக இருக்கிறாளேடா பாவிகளா! யாரைத் திட்டுவது இப்போது, திட்ட வேண்டியவர்கள் எல்லாரும் மாலை போட்ட போட்டோவில் இருக்கிறார்கள். படம் மாறுகிறது. இறகு விசிறியால் உடம்பை மறைத்துக்கொண்டு ஒருத்தி. பர்லெஸ்க் என்கிறாள். பெரிய மனுஷர்களைக் கேலி பண்ணுவதற்கென்று ஆரம்பித்த கூத்தாம், போகப் போக ஆடையைக் களைகிற ஆட்டமாக ஆனதாம், களைவதில் ஒன்றுமில்லையாம், களைவேன் களைவேன் என்று போக்குக் காட்டுவதுதான் வித்தையாம். கூட்டம் சிரிக்கிறது. நீங்கள் சிரிப்பீர்கள். எங்களுக்குக் களைய என்ன இருந்தது? சென்சாருக்குப் பயந்து தோல் கலரில் துணி தைத்துக் கழுத்திலிருந்து கணுக்கால்வரை மூடி, அதன்மேல் ஜிகினா ஒட்டிய துண்டு, பார்ப்பவனுக்கு நிர்வாணம், எங்களுக்குக் கம்பளிப்போர்வை. அந்தத் தோல் கலரும் டோரீன் தோல் கலர். எல்லாருக்கும் ஒரே துணிதான். என் உடம்பில் அது மாவுக்கட்டு போட்ட மாதிரி இருக்கும். தலையில் சாயம் முக்கிய கோழி இறகு, வியர்வை பட்டால் அறுத்த கோழி வாடை. டோரீன் மட்டும் மூக்கைச் சுளிக்காமல் நிற்பாள், இப்போது உட்கார்ந்திருக்கிற மாதிரியே, முதுகைச் சாய்க்காமல், மகாராணி.

அடுத்த படம் வந்தது. பங்காரு மாஸ்டர். சுருள்முடி, பட்டன் போடாத சட்டை, கையில் சிகரெட். எங்களுக்கு டான்ஸ் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் இவர். மவுன்ட் ரோடு தியேட்டரில் இங்கிலீஷ் படம் வந்தால் பகல் காட்சிக்குப் போய் உட்கார்ந்துவிடுவார், ஒரே படத்தை மறுபடி மறுபடி பார்த்து ஸ்டெப்பை மனசில் ஏற்றிக்கொண்டு வந்து எங்களுக்கு இறக்குவார். ஆம்பளை இல்லையா, அவர் கண் ஆடுகிற ஆம்பளை கால்மேலேயே இருந்திருக்கிறது. அதை அப்படியே கொண்டுவந்து எங்கள் அத்தனை பேருக்கும் ஆம்பளைக் காலைச் சொல்லிக்கொடுத்துவிட்டார். இடது கால் பின்னால், இழு, திருப்பு, விடு, பிடி. ஜோடி போட்டு ஆடச் சொன்னால் இரண்டு பொம்பளையும் ஒரே சமயத்தில் ஒருத்தியை ஒருத்தி இழுப்போம், கால்மேல் கால் ஏறும், நகம் பெயரும், மாஸ்டர் தொடையில் அடித்துக்கொண்டு, "எருமைங்களா, வெள்ளைக்காரன் எவ்வளவு அழகா ஆடறான்" என்பார். அப்போதுதான் டோரீனைக் கொண்டுவந்தார்கள், பெரம்பூர் ரயில்வே காலனி ஆங்கிலோ இந்தியன் வீட்டுப் பெண், அப்பா இஞ்ஜின் டிரைவர், கிறிஸ்துமஸுக்கு அங்கே பேண்டு வைத்து ஆடுவார்களாம், நடக்கப் பழகின நாளிலிருந்து ஆடுகிறவள். வந்து நின்று எங்களைப் பார்த்தாள், பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "என்னா மேன் இது, எல்லாரும் ஆம்பளைக் கால் ஆடுறீங்க! ஒருத்திக்கும் கல்யாணமே ஆவாது!" மாஸ்டர் முகம் சுண்டிப்போயிற்று, ஆனாலும் ஒத்துக்கொள்வாரா, "அது நம்ம ஸ்டைலும்மா" என்றார். மிருதுளா இப்போது அதைத்தான் சொல்கிறாள், பெண்களே பெண்களை நடத்திச் செல்லும் இந்த ஆட்டத்தில் ஒரு கலகம் இருக்கிறது என்று. கலகமா? மாஸ்டர் கண்ணுக்குப் பொம்பளை கால் தெரியவில்லை, அவ்வளவுதான். இருந்தாலும் இவள் சொல்வதும் பொய்யில்லையோ என்னவோ, ஏனென்றால் டோரீனோடு ஜோடி போட்ட அன்றைக்கு, அவள் பொம்பளைக் கால், நான் ஆம்பளைக் கால், முதல்முறையாக யார் காலையும் யாரும் மிதிக்கவில்லை. நான் இழுத்தால் வந்தாள். தள்ளினால் போனாள். கை நீளத்துக்குப் போய், சுண்டிவிட்ட பம்பரமாய்த் திரும்பி வந்து என் மார்பில் மோதி நின்று, "ஓ மை, நாகு, எங்க காலனிப் பையன்கள்ல ஒருத்தனுக்குக்கூட இப்படிப் பிடிக்கத் தெரியாது" என்றாள். வியர்வையும் பவுடருமாய் ஒரு வாசனை. இப்போதும் அதே பவுடர்தான் போட்டிருக்கிறாள், சனியன், மூக்குக்கு மறக்கவே மறக்காது. கொஞ்ச நாள், கொஞ்சமே நாள், ஒரு தட்டில் சாப்பிட்டோம், மாட்டுக்கறி கட்லெட்டை அவள் பாதி பிட்டுத் தருவாள், எங்கள் வீட்டில் தெரிந்தால் விளக்குமாறுதான். பிடிக்கிறவள் நான், பறக்கிறவள் அவள். பறக்கிறவளைத்தான் கேமரா பார்க்கும். அது எனக்கு அப்போது தெரியாமலில்லை.

அந்த நாளை நினைக்காதே, நாகரத்தினம், நினைக்காதே. நினைக்காமல் என்ன செய்ய, முழங்கை இதோ இங்கே ஊன்றியிருக்கிறதே. கிளப் செட்டு, தரைக்கு மெழுகு போட்டுக் கண்ணாடியாக வைத்திருந்தார்கள், டிஸ்கோ விளக்கெல்லாம் அப்போது ஏது, கலர் காகிதம் ஒட்டிய சுழல்விளக்கு. டைரக்டர் வந்தார். டோரீனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார், பல்லிடுக்கில் ஏதோ மாட்டினதுபோல. "இந்தப் பொண்ணு கை மட்டும் பிரேம்ல இருக்கட்டும், ஆளு வேணாம். கையை வெளுப்பாக்குங்க." அப்படித்தான் உள்ளங்கையில்கூடப் பேன்கேக் வந்தது. உள்ளங்கையில் மாவு இருந்தால் எப்படிப் பிடிப்பது? பிடில் வாசிக்கிறவரிடம் போய் வில்லுக்குத் தேய்க்கிற குங்கிலியத்தில் கொஞ்சம் வாங்கி, யாருக்கும் தெரியாமல் கையில் தேய்த்துக்கொண்டேன். ஒட்டினால் எடுக்க முடியாது, அவ்வளவு பிடி. நான் விட்டேனாம்! விளக்குப் போட்டார்கள். இழுத்தேன், வந்தாள், தள்ளினேன், போனாள், கை நீளத்தின் கடைசியில் அவள் உடம்பின் மொத்த எடையும் என் நான்கு விரலில் தொங்குகிற நேரம், அந்த நேரம் பார்த்து அந்த ஆள் கேமராவுக்குப் பின்னாலிருந்து, "டோரீன், இங்கே பாரு! சிரி!" என்று கத்தினான். அவள் திரும்பினாள். சிரித்தாள். கையை அழகாகக் காட்டவேண்டும் என்று விரலை விரித்தாள். எனக்குத் தெரியும், என் விரலுக்குத் தெரியும், முதலில் சுண்டுவிரல், அப்புறம் மோதிரவிரல், ஒவ்வொன்றாகப் பூ மலர்கிற மாதிரி அவளே விரித்தாள். நான் மூடிக்கொண்டுதான் இருந்தேன். மூடின கைக்குள் அவள் மோதிரம் மட்டும் மிச்சம். அவள் போய் அந்தப் போலிப் பளிங்குப் படிக்கட்டில் முழங்கால் குத்த விழுந்தாள். தேங்காய் உடைக்கிற சத்தம். செட்டில் யாரோ பூஜை போடுகிறார்கள் என்றுதான் ஒரு கணம் நினைத்தேன். ஓடிப்போய்த் தூக்கினேன், என்னைத் தள்ளிவிட்டாள், வலியில் முகம் கோணி, எல்லாரும் கேட்கச் சொன்னாள், "நாகு விட்டுட்டா. பொறாமையில விட்டுட்டா." பொறாமை எனக்கு இருந்தது, இல்லையென்று எந்தக் கோவிலிலும் சத்தியம் பண்ண மாட்டேன். பொறாமை மனசில் இருந்தது, கை பாட்டுக்குப் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. அதை யாருக்கு விளக்குவது. கையை வந்து சாட்சி சொல்லச் சொல்லவா.

அதற்கப்புறம் ஒருத்திகூட என் கையைத் தொடவில்லை. ஜோடி ஆட்டம் என்றால், "நாகுவோட வேண்டாம் மாஸ்டர், இடுப்பு போயிடும்" என்று நேருக்கு நேராகவே சிரிப்பார்கள். கடைசி வரிசை, அப்புறம் தூணுக்குப் பின்னால், அப்புறம் காஸ்ட்யூமில் ஜிகினா தைக்கிற வேலை. பங்காரு மாஸ்டர் செத்தபோது சாலிகிராமம் வீட்டில் அவர் தலைமாட்டில் இவள், கால்மாட்டில் நான். இரண்டு பேர் போட்ட ரோஜாப்பூவும் அவர் வயிற்றில் கிடந்தது, அவ்வளவு தூரத்துக்குத்தான் எங்கள் பூவும் பூவும் பேசிக்கொண்டன. போகும்போது வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டு நின்ற இன்னொருத்தியிடம், எனக்குக் கேட்கிற மாதிரி, "சிலபேரை நம்பிக் கையைக் குடுக்கக் கூடாது மேன்" என்றாள். அந்தச் செருப்பாலேயே அடித்திருக்க வேண்டும். இருமுகிறாள் இப்போது. இருமட்டும். தண்ணி பாட்டில் என் கால்மாட்டில்தான் இருக்கிறது, எடுத்துக் கொடுக்க மாட்டேன், செத்தாலும் கொடுக்க மாட்டேன், ஒருவேளை இருமல் நிற்காமல் மைக் வாங்க முடியாமலே போய்விட்டால்? சீ, என்ன நினைப்பு இது, முருகா. நிற்கட்டும் இருமல். நின்றுவிட்டது. நின்றதும் எரிச்சலாக இருக்கிறது.

விளக்கை அணைத்துவிட்டார்கள். "இப்போ நாம பார்க்கப்போற துண்டு ரொம்ப அபூர்வமானது" என்கிறாள் மிருதுளா. கறுப்பு வெள்ளையில் அதே செட்டு. அதே படிக்கட்டு. டிரம்பெட் அலறுகிறது, டோரீன் வருகிறாள், ஐயோ, என்ன அழகு, இவ்வளவு அழகா இவள், எனக்கு அப்போது தெரியவே இல்லையே, இழுத்துக்கொண்டிருந்தவளுக்கு எப்படித் தெரியும். திரையின் ஓரத்தில் ஒரு கை. மணிக்கட்டுவரைக்கும்தான், அதற்கு அந்தப் பக்கம் படமே இல்லை. சுண்ணாம்பு அடித்த மாதிரி ஒரு வெள்ளைக் கை, இழுக்கிறது, அவள் வருகிறாள், தள்ளுகிறது, போகிறாள், போய்க்கொண்டே இருக்கிறாள், கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறாள், விரல், விரல், இதோ இப்போது, வெட்டு. வில்லன் கிளாஸைத் தூக்கிச் சிரிக்கிறான். அவ்வளவுதான். கைதட்டல். என் விரல்கள் மடியில் தானாகவே இறுகியிருக்கின்றன, பிரித்துவிட வேண்டியிருக்கிறது. இந்தக் கை யாருடையது என்று மிருதுளா என் வீட்டில் செல்போனில் காட்டிக் கேட்டாள், அன்றைக்கு, தெரியாதும்மா, யாரோ குரூப் டான்ஸர் என்று சொல்லிவிட்டேன். என் கை என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும் என்று எனக்குத் தெரியாதா. பின்னால் பாஸ்கர் மாமனாரிடம், "அம்மா இந்தப் படத்துல எல்லாம் இல்ல, அவங்க குடும்பப் படத்துலதான்" என்று மெல்லச் சொல்வது கேட்கிறது. காது மட்டும் இன்னும் நன்றாக இருக்கிறது, அது ஒரு தண்டனை.

விளக்கு வந்தது. மைக் வந்தது. டோரீன் உட்கார்ந்தபடியே வாங்கினாள். "ஹலோ, என் தமிழ் பெரம்பூர் தமிழு, யாரும் சிரிக்கப்படாது" என்றதும் எல்லாரும் சிரித்தார்கள். அவள் பேசுகிறாள். காலனி பேண்டைப் பற்றி, அப்பா ஸ்டேஷனுக்குள் வரும்போது ஊதுகிற விசிலுக்கே ஆடினதைப் பற்றி, பீச்சில் அடையாளம் கண்டுகொண்டு கல்லெறிந்தவர்களைப் பற்றி. வருகிறது, வருகிறது, இதோ அடுத்த வார்த்தை, எழுந்து வெளியே போய்விடலாமா? மிருதுளாவே கேட்டாள், "மேடம், அந்த ஷூட்டிங்லதான் உங்க கால்ல அடிபட்டது. அன்னைக்கு என்ன நடந்தது?" பெப்பர்மின்ட் வாசனை. "அதுவா, தரைக்கு மெழுகு போட்டு வெச்சிருந்தான். வழுக்கிச்சு, விழுந்தேன். யார் மேலயும் தப்பு இல்ல." "அந்தக் கை யாருதுன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?" டோரீன் யோசிக்கிற மாதிரி தலையைச் சாய்த்தாள். "யாரோ குரூப் பொண்ணு. பேரெல்லாம் ஞாபகம் இல்ல மேன்." கைதட்டினார்கள்.

நிம்மதியாக மூச்சு விட்டிருக்க வேண்டும் நான். பாஸ்கர் தப்பித்தான், அவன் மாமியார் தப்பித்தாள், நானும் தப்பித்தேன், பொன்னாடையை வாங்கிக்கொண்டு ஆட்டோ பிடிக்க வேண்டியதுதான். ஆனால் உடம்பு முழுக்கத் தீப்பிடித்த மாதிரி இருக்கிறது. யாரோவா? ஐம்பது வருஷம் என் பேரைச் சொல்லிச் சொல்லி என் பிழைப்பில் மண்ணைப் போட்டவள், இன்றைக்குப் பேர் ஞாபகம் இல்லையா உனக்கு? இந்த ஊரில் என் பேரையும் அந்தக் கையையும் சேர்த்துச் சொல்லக்கூடிய ஒரே வாய் உன் வாய்தானடி. படத்தில் இல்லை, போஸ்டரில் இல்லை, பாட்டுப் புத்தகத்தில் இல்லை, உன் வயிற்றெரிச்சலில் மட்டுந்தான் நான் ஆடினேன், அதிலிருந்தும் அழித்துவிட்டாயா? மைக்கை என் கையில் கொடுத்துவிட்டார்கள். கனமாக இருக்கிறது. "சொல்லுங்கம்மா, ரெண்டு வார்த்தை" என்கிறாள் மிருதுளா. வணக்கம் என்று சொல்லலாம். எல்லாருக்கும் நன்றி என்று சொல்லலாம். "அந்தக் கை என் கை" என்று சொல்லிவிட்டேன். என் குரல் எட்டு மூலையிலிருந்தும் திரும்பி வருகிறது. "என் பேரு நாகரத்தினம். இந்தம்மாவோட ஜோடி ஆடினவ நான்தான். ஆம்பளைக் கால் ஆடினேன்." இங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால், பாவம், கிழவி ஏதோ உளறுகிறாள், அந்தம்மாவுக்கே ஞாபகம் இல்லை என்கிறாளே என்று போய்விடுவார்கள். "நான்தான் கையை விட்டேன். வேணும்னே விட்டேன். பொறாமை."

பாஸ்கர் எழுந்து நிற்கிறான் என்று திரும்பாமலே தெரிந்தது, அவன் நாற்காலி கிரீச்சிட்டது. மைக்கை மடியில் கவிழ்த்துவிட்டேன். அப்போதுதான் டோரீன் திரும்பினாள். கண்ணில் பூ விழுந்திருக்கிறது இவளுக்கு, ஒரு கண்ணில், எனக்குத் தெரியாது. மூஞ்சியை என் காதுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

"பொய்க்காரி" என்றாள். "நீ விடல."

"என்னடி சொல்ற?"

"நீ எங்க விட்ட? நான்தான் விரலை எடுத்தேன். அவன் சிரிக்கச் சொன்னான், எடுத்தேன்."

"தெரியுமா உனக்கு? எப்போலேர்ந்து தெரியும்?"

"விழறதுக்கு முன்னாடியே தெரியும்."

கூட்டத்தில் யாரோ ஒருத்தர் தட்ட ஆரம்பித்தார், தைரியமாக ஒத்துக்கொண்டேனாம், அப்புறம் எல்லாரும் தட்டினார்கள், மிருதுளா கண்ணைத் துடைத்துக்கொண்டு பொன்னாடையைப் பிரித்துக்கொண்டு வருகிறாள்.

"அதை இதுல சொல்லு" என்று மைக்கை நீட்டினேன்.

"மாட்டேன் போ."

"சொல்லுடி."

"மாட்டேன்."

அவள் வாங்கவில்லை. நானும் நீட்டின கையை மடக்கவில்லை.